பர்லியாறில் மண் சரிந்த இரவு

பர்லியாறுக்கு மேலே மண் சரிந்து
பேருந்துகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிட்டார்கள்.
கடைசி வண்டியில் எனக்கு இடமில்லை.
அதனால்தான் அன்றிரவு அலுவலகத்தில் இருந்தேன்,
பொறுப்பினால் அல்ல.

ஒன்பதே காலுக்கு வட்டு இருமத் தொடங்கியது.
டிக், டிக், அப்புறம் நீண்ட மௌனம்,
பாதிப் படியில் நின்று மூச்சு வாங்குகிறவரைப் போல.
குன்னூர் ஈரம் எதையும் விடாது.
சர்வரின் திருகாணியில்கூடத் துரு.
காலையில் ஏலம்.
நாற்பது தொழிற்சாலைகளின் தேயிலை விலை
இந்தப் பெட்டி வழியாகத்தான் போகவேண்டும், வரவேண்டும்.

கோவையில் முர்ஷிதா விழித்திருந்தாள்.
"உன் பெட்டிக்கு முன்னுரிமை எண் என்ன?"
"பத்து."
"என்னோடதுக்கு?"
"இருபது."
"மாத்து. சின்ன எண் இருக்கிற கதவைத்தான் முதல்ல தட்டுவாங்க."

இரண்டு எண்கள் இடம் மாறின.
ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிவிட்டு வந்த பெள்ளன்
"அவ்வளவுதானா வேலை?" என்றார்.
அவ்வளவுதான்.
ஆனால் ஊருக்கெல்லாம் செய்தி போய்ச் சேரவேண்டுமே.
பழைய வழியை நினைவில் வைத்திருப்பவர்கள்
அந்த நினைவு காலாவதியாகும்வரை
பழைய வழியில்தான் வருவார்கள்.

நள்ளிரவில் நிமிடத்துக்கு நாற்பது.
ஒரு மணிக்குப் பன்னிரண்டு.
தேங்கிக் கிடந்த மூவாயிரத்துச் சொச்சம் கடிதங்களை
அள்ளி அள்ளிக் கீழே இறக்கினேன்.
சில பிழையென்று திரும்பின, மறுபடி இறக்கினேன்.
மூன்றரைக்குப் பதிவேட்டில் யாரும் இல்லை.

ஒன்று தவிர.

மணிக்கொரு தடவை, கொடநாட்டுப் பக்கமிருந்து,
யாரோ எப்போதோ பொருத்திவிட்டுப் போன மழைமானி.
பெயர் சொல்லி வழி கேட்கும் பழக்கம் அதற்கில்லை,
எண்ணை மனப்பாடம் செய்திருக்கிறது.
பெறுநர்: வேலையை விட்டுப்போன ஒருவர்.
பொருள்: காலி.
உள்ளே: 11 மி.மீ.
அடுத்ததில்: 14.

அணைத்துவிடு என்றாள் முர்ஷிதா.
அணைத்திருக்கலாம்தான்.
பொத்தான்மேல் விரல்கூட இருந்தது.
வட்டு இன்னொரு முறை இருமி
ஐந்து மணிக் கடிதத்தை எழுதிக்கொண்டது: 23.
ஆறு மணிக் கடிதம் வந்து தட்டியிருக்கும்.
உள்ளே யாருமில்லை.

ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தேன்.
இங்கே விடவில்லை.
ஏலப் பட்டியலின் ஓரத்தில்
'ஆறு மணி: தெரியாது' என்று குறித்துவிட்டு
டீ போடப் போனேன்.