நன்றி என்றால் போதும் என்று பொருள்

சால்ட்டோவில், ஆரஞ்சு தரம் பிரிக்கும் கொட்டகையில்
ஒன்பது பேருக்கு ஒரே சுரைக்குடுக்கை.
வெந்நீர் ஊற்றுவது நான்,
பன்னிரண்டு வருடமாக நான்தான்.
மாத்தே இலை கசக்கும்.
உறிஞ்சுகுழல் ஒன்றே, எச்சில் பார்ப்பதில்லை.
குடித்துவிட்டுப் பேசாமல் குடுக்கையை நீட்டினால்
அடுத்த சுற்றிலும் உனக்கு உண்டு.
"நன்றி" என்று சொல்லிவிட்டால்
இனி வேண்டாம் என்று பொருள்.
எங்கள் ஊரில் அந்த ஒரு சொல்லை
யோசித்துத்தான் வாயிலிருந்து எடுக்க வேண்டும்.

தேர்தலுக்கு மறுநாள் எல்பியோ
ஒரு வாய் உறிஞ்சினான்.
"நன்றி" என்றான்.
என்னைப் பார்த்துச் சொல்லவில்லை,
சுலேமா சட்டையில் குத்தியிருந்த சின்னத்தைப் பார்த்துச் சொன்னான்.
செவ்வாய்க்கிழமை
சொந்தக் குடுக்கையும் ஃபிளாஸ்க்குமாக வந்தான்.
புதனன்று எபெரும்.
வாரக் கடைசியில் கொட்டகையில் நான்கு குடுக்கைகள்.
பட்டையில் உருண்டுவரும் ஆரஞ்சை மட்டும்
எல்லோரும் சேர்ந்துதான் பார்த்தோம்.
சொத்தையைப் பொறுக்கி எறிவதில்
இவ்வளவு வேகமாக நாங்கள் இருந்ததே இல்லை.

எனக்குப் பக்கம் இல்லையா?
உண்டு, பலமாகவே உண்டு.
எது என்று இங்கே எழுதப்போவதில்லை.
எல்பியோ ஓய்வூதியத்தைப் பற்றி வாய் திறந்தால்
என் கை தானாக ஃபிளாஸ்க்கை இறுக்கும்.
உள்ளே இருப்பது எண்பது டிகிரி வெந்நீர்.
அதனால்தான் கவனமாக இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமையாவது தப்பலாம் என்றால்
என் அண்ணன் அரிஸ்டிடெஸ் வீட்டு முற்றத்தில்
கரி மூட்டி மாட்டு விலா சுடுகிறான்.
"உங்க ஆளுங்க இருக்காங்களே" என்று ஆரம்பிப்பான்,
இடுக்கியை என் மூக்குக்கு நேரே நீட்டியபடி.
"என் ஆளு யாரு? நீதானே?" என்றேன் ஒருமுறை.
விலா கருகும்வரை பதில் வரவில்லை.
அவன் மகள் தட்டோடு எழுந்து
அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.
கருகியதைத்தான் தின்றோம்,
உப்பு கூடிவிட்டது என்று
இருவரும் ஒருமனதாகச் சொல்லிக்கொண்டு.

கொட்டகையில் குரல் ஏறும்போது
"தண்ணி ஆறிப்போச்சு" என்று எழுந்துபோவேன்.
ஆறியிருக்காது.
அடுப்பருகே நின்று இருபது எண்ணுவேன்.
சில நாள் நாற்பது.
ஒருநாள் நூற்றெழுபதுவரை போனேன், கெட்டில் விசிலடித்தது.
"கோழை" என்கிறாள் சுலேமா.
இருக்கலாம்.
கோழைக்கும் ஒன்பது பேருக்கு ஊற்றத் தெரியும்.

ஜூலையில் ஒரு காலை, வெளியே உறைபனி,
எல்பியோவின் ஃபிளாஸ்க் பெட்டி முனையில் மோதி
உள்கண்ணாடி சிலீரென்று உடைந்தது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
சிரிப்பை எல்லோரும் முழுங்கினோம், நானும்தான்.
பத்தரை மணிவரை
தன் காய்ந்த குடுக்கையை வைத்துக்கொண்டு
பட்டை ஓரமாகவே நின்றான்.
என் சுற்று சுலேமாவுக்கு முன்னால் வந்ததும்
ஊற்றி, அவளைத் தாண்டி,
அவனிடம் நீட்டினேன்.

வாங்கினான்.
அடிவரை உறிஞ்சி, குழல் கரகரத்ததும்
திருப்பிக் கொடுத்தான்.
மறுபடி ஊற்றி, சுலேமாவிடம்.
கொட்டகையே அவள் கையைப் பார்த்தது.
குழலைத் துடைப்பது இங்கே
முகத்தில் துப்புவதற்குச் சமம்.
அவள் துடைத்தாள்.
மேலங்கி ஓரத்தால், நிதானமாக, இரண்டு தடவை.
பிறகு குடித்தாள்.

"இன்னும் நல்லாத் துடை, என் கட்சி ஒட்டிக்கும்" என்றான் எல்பியோ.
"ஒட்டட்டும், உன் கட்சிக்கு ஆள் கம்மிதானே" என்றாள்.
எபெர்தான் முதலில் சிரித்தான்.

அதன் பிறகு ஒன்றும் மாறிவிடவில்லை.
பத்து நிமிடத்தில் ஓய்வூதியம், பதினைந்தில் கூச்சல்.
நான் எழுந்துபோய் இருபத்தைந்து எண்ணிவிட்டு வந்தேன்.
இரண்டாம் சுற்றில் எல்பியோ
குடித்து முடித்த குடுக்கையை நீட்டினான்,
இன்னும் கத்திக்கொண்டே,
அந்தச் சொல்லைச் சொல்லாமல்.
மறந்தானோ என்னவோ.
நான் கேட்கவில்லை.
ஊற்றினேன்.