இரண்டு சுத்தியல்

நட்டை முழுதாய்க் கழட்டவில்லை.
மூன்று புரி தளர்த்தி விட்டிருக்கிறேன்,
விடுபடும் கணத்தில் துள்ளி விழாதபடிக்கு.

மரியதாசன் கவட்டுக் கம்பியைக் காட்டுகிறான்:
"உதைச் செருகி ரெண்டு போட்டா வருமே."
வரும். றப்பர் கிழிந்து வரும்.
இந்தப் பெட்டி லான்சருக்கு அந்த றப்பர்
ஸ்ரான்லி வீதியில் இல்லை,
கொழும்பிலும் இல்லையாம்.

ஆணியின் தலையில் அடிக்கக்கூடாது.
புரி நசிந்தால் பிறகு எந்த நட்டும் ஏறாது.
அடி, அதைப் பிடித்திருக்கிற இரும்புக்கு.
அதுவும் பக்கவாட்டில்.
எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியல்
முட்டுக்கொடுத்து நிற்க வேணும்.

பெடியன் இன்றைக்கு வரவில்லை.
"பிடி" என்றேன்.

போன வைகாசியில் கிளச் போட்ட காசு
இன்னும் தரவில்லை இவன்.
அதற்குப் பிறகு ஓட்டுமடச் சந்தியில்
கோர்ன்கூட அடிக்காமல் கடந்துபோவான்.
இப்போது முழங்காலில், சில்லுக்கூட்டுக்குள்,
என் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில்.
காலையில் சாப்பிட்ட சம்பல் மணக்கிறது.

முதல் அடிக்குக் கண்ணை மூடினான்.
"கண்ணைத் திற, கை விலகுது."
இரண்டு. மூன்று.
கோழியொன்று மதிலேறிப் பறந்தது.
ஏழாவதில் சத்தம் மாறியது:
கணீரென்று இருந்தது
டொக் என்றது.
நட்டில் தொங்கியது ஆணி,
கிறீஸ் கசியாமல்,
றப்பரின் மடிப்பொன்றும் குலையாமல்.

"உடைஞ்சிட்டுதோ?"
"இல்லை. விட்டிட்டுது."

மற்றப் பக்கத்துக்குப் போக எழுந்தோம்.
சுத்தியலை அவன் கீழே வைக்கவில்லை.
"அந்தக் கிளச் காசு..." என்று தொடங்கினான்.

"முதல்ல ஜக்கைத் தள்ளு" என்றேன்.