தடைக்காலப் பதிவு

பீரோவின் இரண்டு கதவையும் திறந்து
நடுவில் நின்றால்
புடவைகள் எதிரொலியைக் குடித்துவிடுகின்றன.
பட்டு அவ்வளவு சரியில்லை, பருத்திக்குத்தான் தாகம்.
முதுகுப் பக்கம் கொடியில் இரண்டு ரஜாய்.
எம்ப்ராய்டரி வளையத்தில் இழுத்துக் கட்டிய துப்பட்டா
என் 'ப'க்களின் காற்றைத் தடுக்க.
அப்படியும் 'பாதி' என்ற சொல்
மைக்கை ஓர் அறை அறைந்துவிட்டுத்தான் போகிறது.

மைக், சீட்டுப் பணத்தில் வந்தது,
இரண்டாம் மாதமே தள்ளி எடுத்து.
கம்ப்யூட்டர் ஆபீஸில் கழித்துக் கட்டியது.
இசையைப் பண்ருட்டியிலிருந்து தொம்மினிக் அனுப்பினான்:
"வாய்ஸ் மட்டும் சுத்தமா குடுங்கக்கா,
மத்தத நான் பாத்துக்குறேன்."

சுத்தமா.

கடலூர் முதுநகரில் இரவு இரண்டு மணி.
ஃபேனை நிறுத்தி, ஃபிரிட்ஜைப் பிடுங்கி,
தேசிங்கை மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டு
சிவப்புப் புள்ளியை அழுத்துகிறேன்.
பச்சை ஏறி மஞ்சளைத் தொடலாம்,
சிவப்பைத் தொட்டால் குரல் கிழியும்.
ஒரு வரி பாடி ஹெட்போனில் கேட்டால்
என்னோடு இன்னொருவர் நிற்கிறார்,
ம்ம்ம்ம் என்று.

நான் பகலில் கணக்கெழுதும் ஐஸ் ஃபேக்டரி அது.
இரண்டு தெரு தள்ளி.
எந்தப் படகுக்கு எத்தனை பார், யார் பாக்கி
எல்லாம் என் கையெழுத்து.
அதன் கம்ப்ரஸர் மட்டும் இரவில் நடந்து வந்து
என் வீட்டுச் சுவரில் படுத்துக்கொள்கிறது.

அடிச்சத்தத்தை வெட்டினேன்,
அதற்கு மேலே முளைத்தது.
மேலேயும் வெட்டினேன்,
என் குரல் தகர டப்பாவுக்குள் போய் உட்கார்ந்தது.
ஜன்னலுக்கு மீன்பெட்டித் தெர்மகோல் வைத்தேன்.
மூன்று தடவை கழுவியும் சங்கரா வாசனை,
சத்தம் அப்படியே.
அளந்தால் ஐம்பது ஹெர்ட்ஸ்.
ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவே
எந்தக் கட்டையிலும் உட்காராத வீம்பு.

"தடைக்காலம் வரட்டும், பாத்துக்குறேன்" என்றேன்.
சொன்ன பிறகுதான் தேசிங்கின் முகத்தைப் பார்த்தேன்.
படகு எஞ்சின் மெக்கானிக்கிடம்
எந்தப் பெண்டாட்டி இப்படிச் சொல்வாள்?

வந்தது.
படகுகள் தோளோடு தோள் உரசி நின்றன.
ஃபேக்டரியில் எனக்குப் பாதிச் சம்பளம்.
அவன் ஸ்பேனர்களுக்கு எண்ணெய் தடவினான்,
மறுநாள் துடைத்தான்,
அதற்கு மறுநாள் மறுபடி தடவினான்.

இரவு இரண்டு மணி.
பல்லி நகர்ந்தாலும் திரையில் கோடு நடுங்கும் அமைதி.
வியர்வை ஹெட்போனுக்குள் இறங்க
நான்கு முறை பாடினேன், ஏழு முறை,
பிறகு எண்ணவில்லை.
ஒரு இரைச்சல் இல்லை, ஒரு குறை இல்லை,
ஆனால் கால் ஊன்ற இடமில்லாமல்
குரல் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

தொம்மினிக் கேட்டான்:
"ஏன்கா எல்லா வரியும்
கொஞ்சம் மேல ஏறியே நிக்குது?"

கணக்குப் போட்டேன். என் வேலையே அதுதானே.
ஒரு கட்டையில் மூன்றில் ஒரு பங்கு ஏற்றம்.
எல்லா வரியிலும், பிசகாமல்.
ஐந்து வருஷமாக இந்தக் காது
யாரையும் கேட்காமல்
ஐஸ் ஃபேக்டரிக்குச் சுருதி சேர்ந்திருக்கிறது.

என்னை இறக்கவில்லை.
இசையை ஏற்றினேன், முப்பத்தைந்து சென்ட்.
பாட்டில் எனக்குக் கிடைத்த நிலம் அவ்வளவுதான்,
பட்டா இல்லை.

ஜூன் நடுவில் ஒரு ராத்திரி
கம்ப்ரஸர் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.
முதல் பார்கள் சரிவில் இறங்கும் சத்தம்.
தேசிங்கு கையில் கிரீஸோடு வந்தான்,
எத்தனையோ நாளுக்குப் பிறகு அழுக்கான கை.
பாட்டை ஸ்பீக்கரில் விட்டேன்.
சுவரும் கூட முனகியது, சரியான இடத்தில்.

"முடிஞ்சுதா?" என்றான்.

"'பாதி'ய மட்டும் இன்னொரு தடவ."

அவன் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு
போய் ஃபிரிட்ஜைப் பிடுங்கினான்.