பத்துப் பெயர்கள்

எங்களுக்குப் பெயர்கள் தெரியாது.
கம்பிவேலிக்கு அப்பால் விளையாடியவர்களுக்கு
நானும் வாகீசனும்தான் பெயர் வைத்தோம்.

ஒற்றைக் காலைத் தூக்கி
வானத்தை ஒருதரம் யோசித்துவிட்டுப் பந்தெறிபவன்
கொக்கர்.
எந்நேரமும் எதையோ கொறித்துக்
கோதைத் துப்பிக்கொண்டிருந்தவன் கச்சான்.
எங்கே ஓடினாலும் ஒரு நொடி பிந்திச் சேருகிறவன்
தபால்காரன்.
பின்னால் குந்தியிருந்து எல்லாப் பந்தையும் வாங்கியவன்,
இரும்புக் கூண்டுக்குள் முகத்தை வைத்திருந்தவன்,
புளிமூட்டை.

எண்பத்தேழு, எண்பத்தெட்டு.
பிர்மாசென்ஸ் நகரின் குன்றின்மேல்
அமெரிக்கப் பட்டாளத்தின் முகாம்.
கீழே, மூடிப்போன சப்பாத்துத் தொழிற்சாலையின் இரண்டாம் மாடியில்
நாங்களும் இன்னும் பதினாலு குடும்பங்களும்
ஒரே ஒரு குசினியும்.
மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்று
அப்பாவின் கடதாசியில் முத்திரை இருந்தது.
குன்று எல்லைக்குள்ளேதான் இருந்தது.

சனிக்கிழமைகளில் போவோம்.
பேஸ்பாலின் விதிகளை நாங்களே கண்டுபிடித்தோம்,
பாதி பிழையாக.
மூன்று தரம் வீசியும் படாவிட்டால்
போய் இருக்கவேண்டும். இது விளங்கியது.
நாலு தரம் பிழையாக எறிந்தால்
அடிக்காமலே நடந்து போகலாம். இது விளங்க
ஒரு கோடை முழுக்க எடுத்தது.
விடுதி முற்றத்தில் தும்புத்தடிதான் மட்டை.
பக்கத்து அறை எரித்திரியப் பெடியன் தெஸ்ஃபாய்
தான் தபால்காரனாக இருக்கமாட்டேன் என்று அழுவான்.

அப்பா ஒருநாள் வந்தார்.
ஊரில் கல்லூரி அணிக்கு விக்கெட் காத்தவர்.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.
"மட்டையை எறிஞ்சுபோட்டு ஓடுறாங்கள்,
வளர்ப்புச் சரியில்லை" என்றார்.
தபால்காரன் அன்றைக்கு, அதிசயமாக, பிந்தவில்லை.
மூன்று மூலையும் சுற்றி
மண்ணில் சறுக்கி
முதலில் நின்ற வெள்ளைப் பலகையைத் தொட்டான்.
எல்லாரும் எழும்பிக் கத்தினார்கள்.
"வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வந்ததுக்கோ
இவ்வளவு கைதட்டல்?"
கேட்டுவிட்டு அப்பா
கொஞ்ச நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு அந்தப் பந்து.
கச்சான் அடித்தது. வேலிக்கு மேலால் வந்து
முட்பற்றைக்குள் விழுந்தது.
வாகீசன் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினான்.
நான் ஒன்றும் தெரியாதவள்போல மெதுவாக நடந்தேன்.
இரவு போர்வைக்குள் சிவப்புத் தையல்களை எண்ணினோம்:
நூற்றெட்டு.
அம்மா அப்போது ஊருக்கு வெளியே ஓர் இடத்தில்
களவாகச் சப்பாத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.
பந்தை வாங்கி விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
அடி விழும் என்று காத்திருந்தோம்.
"கைத்தையல்" என்றாள். "நல்ல கை."

தொண்ணூறாம் ஆண்டு கார்த்திகையில்
லொறிகளுக்குப் பாலைவன நிறம் பூசினார்கள்.
அடுத்த வசந்தத்தில் புல் முழங்காலளவு.
கொக்கர் நின்ற சிறுமேட்டில்
முயல் ஒன்று காதைச் சொறிந்தது.
என்ன ஆனார்கள் என்று விசாரிக்க
எங்களிடம் ஒரு பெயரும் இல்லை.

போன மாதம்,
பூட்டப்போகும் ஒரு முடிவெட்டும் கடையின் சுவரில்
அந்தப் படத்தைக் கண்டேன்.
அதே சட்டைகள். அதே குன்று.
கீழே தட்டச்சில் பெயர்வரிசை.
முகங்கள் பதினொன்று. பெயர்கள் பத்து.
எந்த இடத்தில் ஒருவன் விடுபட்டான் என்று தெரியாததால்
ஒவ்வொரு பெயரும்
பக்கத்து ஆளின்மேல் சரிந்து கிடந்தது.
ஐந்து யூரோ என்றார் ஷெர்ட்ஸிங்கர் அம்மையார்.
பத்தாகக் கொடுத்தேன்.

கைபேசியில் எடுத்து வாகீசனுக்கு அனுப்பினேன்.
வின்னிபெக்கில் இன்னும் விடியவில்லை. உடனே பதில்:
"புளிமூட்டை! வலப்பக்கம் கடைசி."
"அவன்ரை முகத்தை நாங்கள் ஒருநாளும் காணேல்லையே,
எப்பிடித் தெரியும்?"

"எல்லாரும் நிக்கிறாங்கள்.
படம் எடுக்கேக்கையும் அவன் ஒருத்தன்தான்
குந்திக்கொண்டிருக்கிறான்.
வடிவாய்ப் பார்."