நாற்பத்தொன்று

லிம் சூ காங் சாலையில், முட்டைப் பண்ணை வாசலுக்கு எதிரே,
கூரை கிடையாது, கம்பம் மட்டும் நட்ட நிறுத்தத்தில்
மடக்கு நாற்காலி போட்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன்.
கையில் ஒரு சொடுக்கி.
பேருந்தில் ஒருவர் ஏறினால் ஒரு சொடுக்கு.
நாளுக்குத் தொண்ணூறு வெள்ளி. குடை என் செலவு.

மறுமாதம் சமூக மன்றத்தில் கூட்டம்.
பூப்பந்துத் திடலில் நாற்காலி அடுக்கியிருந்தார்கள்.
வலையைச் சுருட்டி ஓரம் வைத்திருந்தும்
ரயில் வேண்டும் என்றவர்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம்,
வேண்டாம் என்றவர்கள் அந்தப் பக்கம்.
யாரும் சொல்லி உட்காரவில்லை.

முட்டைப் பண்ணை கோ பூன் லியாங் முதலில் எழுந்தார்.
"ரயில் தனியாக வராது.
பின்னாலேயே அடுக்குமாடி வரும்.
பதினான்காம் மாடிக்காரர் சன்னலைத் திறப்பார்,
கோழி நாறுகிறது என்று மனுப் போடுவார்.
அப்புறம் நாற்றம் இருக்காது. நானும் இருக்கமாட்டேன்."

தவளைப் பண்ணை எவலினுக்கு அவசரம்.
"வேலைக்கு ஆள் கேட்டால் ஒருமுறை வருகிறார்கள்.
அந்த நிறுத்தத்தில் ஒருமுறை நிற்கிறார்கள்.
இரண்டாம் முறை வருவதில்லை."

மிதவைக்கூடுகளில் கொடுவா வளர்க்கும் ரோஸ்லான்
மீன் பெட்டியை ரயிலில் ஏற்றலாமா என்று கேட்டார்.
டுரியானுக்கே அங்கே இடமில்லை என்று யாரோ சொல்ல
கோட்டின் இரு பக்கமும் சிரித்தது, அந்த ஒருமுறை.

பிறகு திரையில் என் எண் வந்தது.
என் எண்தான். பெரிய எழுத்தில், நீலத்தில்.
"சனிக்கிழமை, ஆக அதிகம் பேர் ஏறிய நாள்: நாற்பத்தொன்று.
ஒரு ரயிலுக்கோ ஆயிரம் பேருக்கு மேல் வேண்டும்."
அதிகாரி கோபப்படவில்லை. கூட்டலில் கோபத்துக்கு என்ன வேலை.

நான் கடைசி வரிசையில், தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில்.
வாசனைப் பூவும் ரோஜாத் தண்ணீரும் பையில் வைத்து
மையத்தாங்கொல்லைக்குப் போக வந்த அம்மா
நாற்பது நிமிடம் நின்று, பேருந்து வராமல்,
மகனுக்குத் தொலைபேசினார். அவன் காரில் வந்தான்.
ஏறவில்லை. ஆகவே சொடுக்கவில்லை.
லாரியின் பின்தட்டில் முழங்கால் மடக்கி
போனவர்கள் ஒரு காலையில் மட்டும் எத்தனை!
லாரிக்கு என் கருவியில் பொத்தான் இல்லை.
வராமலே போனவர்களுக்கு எந்தக் கருவியில் இருக்கிறது?

கை தூக்கினேன்.
"எந்த வட்டாரம் நீங்கள்?"
தெம்பனிஸ் என்றேன்.
"இது இங்கே இருப்பவர்களுக்கான கூட்டம், மன்னியுங்கள்."
உட்கார்ந்தேன். நியாயம்தான்.
இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டிருந்தால்
பதில் இருந்திருக்காது என்னிடம்.
கோ சொன்னது சரி. எவலின் சொன்னதும் சரி.

இன்னொன்றும் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.
அந்தச் சனிக்கிழமை மாலை
வேலை முடிந்து, நாற்காலியை மடக்கி, பேருந்தில் ஏறும்போது
கட்டைவிரல் பழக்கத்தில் ஒருமுறை அமுக்கிவிட்டது.
நாற்பத்தொன்றாவது ஆள் நான்.

கூட்டம் எதையும் முடிவு செய்யாமல் முடிந்தது.
ஆட்டுப் பண்ணையில் வேலை செய்யும் இன்பசாகரன்
கதவருகே நிறுத்திக் கேட்டான்:
"அக்கா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"
மனப்பாடம் எனக்கு. சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்தான்.
ரோஸ்லான் தன் வேனைக் காட்டினார்:
"வா, மீன் நாற்றம் பரவாயில்லையென்றால்."

கோ எல்லோருக்கும் ஒரு பெட்டி முட்டை தந்தார்,
எதிர்த்துப் பேசியவர்களுக்கும், எனக்கும்.
பத்து முட்டையை நெஞ்சோடு அணைத்து
தீவின் மேற்கிலிருந்து கிழக்குவரை
இரண்டு ரயில் மாறி, நின்றபடியே வந்தேன்.
முழங்கை பட்டது, முதுகுப்பை பட்டது.
இத்தனை பேரையும் யாரோ எங்கோ எண்ணிக்கொண்டிருக்கலாம்.

வீட்டில் திறந்து பார்த்தேன்.
ஒன்றில் விரிசல்.
அதையும் சேர்த்தே எண்ணினேன்.