ஒரு சுற்று என்பது ஆறு விநாடி

நான்கு ரயில்கள் எங்களைக் கொண்டுவந்து இறக்கும் ஊர் ஓல்ட்டன்.
எவருக்கும் சொந்த ஊரில்லை, அதனால் எல்லாருக்கும் பக்கம்.
புதன் இரவு, சங்கக் கட்டடத்தின் மேல்மாடி,
பாப்ரிக்கா சிப்ஸ், இருபது முகப் பகடைகள்.
வரைபடத்தில் யாரோ சிந்திய தேநீரை
ஏரி என்று எப்போதோ ஏற்றுக்கொண்டாயிற்று.

ஆட்டத்தை நடத்துபவன் நான்.
அரக்கர்கள் என் பொறுப்பு, மழையும் என் பொறுப்பு.
நியாயமும் என் தலையில்தான்.

சாருகேசி திருடி.
நான்கு நிலை ஏறியும் வாளுக்கு ஒரு புள்ளி கொடுக்காமல்
அத்தனையையும் விரல்களில் போட்டவள்:
பூட்டு, பொறி, முடிச்சு, ஓசைப்படாத நடை.
ஜியான் மந்திரவாதி.
ஒரு சொல் சொல்வான், கதவு திறக்கும்.
அடுத்த கதவு. அதே சொல்.
மூன்று மணி நேரம் அவள் தன் பகடையை
மேசை விளிம்புவரை உருட்டுவதும் விழாமல் பிடிப்பதுமாக இருந்தாள்.
சண்டை என்று வந்தாலோ அவனுக்கு
வெளிச்சமும் ஒட்டுதலும் மறந்துபோகும்,
நெருப்பு, மறுபடி நெருப்பு.

சுரங்கப்பாதையில், மேடைகள் பிரியும் இடத்தில் சொன்னாள்:
"அடுத்த கிழமை நான் வரேல்லை.
கதவெல்லாம் தானாத் திறக்குது. எனக்கென்ன வேலை?"

அந்த வாரம் பட்டறையில் சாப்பாட்டு நேரமெல்லாம் விதி எழுதினேன்.
மந்திரத்தைத் தடைசெய்யலாம்,
அது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது.
அவனையும் பகடை உருட்டச் சொல்லலாம்,
அப்போது ஒருத்தியின் சலிப்பு இருவருக்குமாகும்.
வியாழன் எழுதியதை வெள்ளி அடித்தேன்.
திங்களன்று ஒரு சரக்குப் பெட்டியின் பிரேக்கைக் கழற்றும்போது
அது கத்திய கத்தலில் கிடைத்தது: சத்தம்!

மந்திரம் திறக்கும், ஆனால் இடிபோலத் திறக்கும்.
முந்நூறு அடிக்குள் உறங்கும் காவலன் ஒவ்வொருவனும் எழுவான்.
கை திறக்கும், காற்றுக்கும் கேட்காது,
ஆனால் மூன்று சுற்று பிடிக்கும்.
பதினெட்டு விநாடி.
அதை அவளுக்கு யாராவது வாங்கித் தரவேண்டும்.

நீளமாக எழுதி அனுப்பினேன்.
பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

புதன். கூரை போட்ட மரப்பாலம், இந்த ஊருடையதுதான்,
பெயரை மட்டும் மாற்றியிருந்தேன். கீழே வெள்ளம்.
நடுவில் இரும்புக் கதவு. பின்னால் ஈட்டியோடு ஐந்து பேர்,
கரையில் தூங்கும் ஐம்பது பேர்.
ஜியான் வாயைத் திறந்தான், ஐம்பதை எண்ணினான், மூடிக்கொண்டான்.
சாருகேசி குனிந்தாள். முதல் உருட்டல்: நான்கு.
லடீனா வாளோடு குறுக்கே நின்றாள்.
நெருப்பு வைத்தால் பாலமே போகும். மிஞ்சியவை
அவன் மாதக்கணக்கில் தொடாத சில்லறை மந்திரங்கள்.
ஒருவனின் தலைக்கவசத்துக்குள் விளக்கேற்றினான்,
கண் கூசியவன் ஆற்றில் விழுந்தான்.
பிறகு உடைந்த கோப்பைக்கான ஒட்டு மந்திரம்:
"முன்பு ஒன்றாக இருந்தவை மட்டும்தானே ஒட்டும்?"
"ஆம்."
"ஈட்டிக் காம்பும் பாலத்தின் கைப்பிடியும்
ஒரே மரத்தில் வெட்டியது என்றால்?"

புத்தகத்தைப் புரட்டினேன். எழுதியிருக்கவில்லை.
எந்தத் தச்சன், எந்தக் காடு என்று
நான்தானே சொல்லவேண்டும்.
"ஒரே மரம்" என்றேன்.
நான்கு ஈட்டிகள் கைப்பிடியில் கிளையாய் முளைத்து நின்றன.

மூன்றாம் சுற்று. அவள் உருட்டினாள்.
பகடை ஏரிக்கரைவரை ஓடித் திரும்பி நின்றது: பதினேழு.
யாரும் கத்தவில்லை. கத்தினால்
அந்த ஐம்பது பேர் எழுந்துவிடுவார்கள் போல.
"க்ளிக்" என்றேன், என்னால் முடிந்த மெல்லிய குரலில்.

கடைசி ரயிலுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
ஜியானும் சாருகேசியும் முன்னால் நடக்கிறார்கள்,
கைகளால் காற்றில் ஏதோ பூட்டைத் திருகிக்கொண்டு.
லடீனா என்னோடு பின்தங்கினாள்.
"மூன்று சுற்றும் நான் என்ன செய்தேன், கவனித்தாயா?
நின்றேன். இன்று நான்தான் கதவு."

அடுத்த புதனுக்குள்
கேடயத்துக்கு ஏதாவது செய்யவேண்டும்.