பதினோராவது கட்டம்

பரிசோதனைத் தாளில் பதினோராவது கட்டம்: வாசனை.
பதினாறு வருடமாக அதில் நான் எழுதுவது
'இயல்பு'.

பேரணாம்பட்டில் இயல்பு என்றால் என்னவென்று
குடியாத்தம் பஸ் கண்டக்டரைக் கேளுங்கள்.
ஷிப்ட் முடிந்து நாங்கள் ஏறினால்
சில்லறையை நகத்தால் வாங்குவார்.

எங்களிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை.
உப்பிட்ட பச்சைத்தோல் வந்திறங்கினால் முடை.
ஊறல் தொட்டி ஓரம் வீச்சம்.
கண்ணைக் கரித்தால் நெடி.
மயிரும் கொழுப்பும் வழித்துக் குவித்த மூலையில்
குமட்டல் வரும், பெயர் வராது.
சித்தூர்ப் பக்கத்து நாகரத்தினம்மா
மூக்கைப் பொத்திக்கொண்டு 'கம்பு' என்பாள்;
வந்த புதிதில் நான் தானியத்தைத் தேடினேன்.
மேஸ்திரி கரீமுல்லாவுக்கு அது 'பத்பூ'.
பூவில் முடிகிறதே பாய் என்று சிரிப்போம்.

போன தையில் இரண்டு பேர் சரக்குப் பார்க்க வந்தார்கள்.
பதப்படுத்தி முடித்த ஆட்டுத்தோலை
முகத்தோடு சேர்த்துக் கண்மூடி
செக் நாட்டவர் சொன்னார்: 'வோனி.'
கூட வந்த ரஷ்யர் திடுக்கிட்டு
அதைப் பிடுங்கி முகர்ந்தார், திருப்பிப் போட்டும் முகர்ந்தார்.
குர்ஸ்க்கில் டாக்டருக்குப் படித்துப் பாதியில் திரும்பிய
காட்பாடி தன்ராஜ்தான் மொழிபெயர்ப்பு.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:
'ஒரே வேர்தான்க்கா.
இவருக்கு மணக்குது, அவருக்கு நாறுது.'

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான், கொஞ்சம் தாமதமாக.
நாற்றம் ஒருகாலத்தில் நமக்கும்
தாழம்பூவுக்குள் இருந்த சொல்.
எப்போது அது கீழே இறங்கியது,
யார் இறக்கினார்கள்,
கொண்டுபோய் எந்தத் தெருவில் வைத்தார்கள்,
அகராதி அதைச் சொல்வதில்லை.

அன்றைக்குத் தாளில் 'வோனி' என்று எழுதினேன்.
மேனேஜர் கூப்பிட்டார்:
'எந்த ஊர் அர்த்தத்துல?'
'சரக்கு எந்த ஊருக்குப் போகுதோ
அந்த ஊர் அர்த்தத்துல சார்.'
அடித்துவிட்டு 'இயல்பு' என்று அவரே எழுதிக்கொண்டார்.

சாயங்கால பஸ்ஸில்
வழக்கம்போல என் பக்கத்து சீட் காலி.
கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு
ஒரு பூக்காரி வந்து உட்கார்ந்தாள்.
மடியில் கூடை,
இரண்டு நாளாக விற்காத சாமந்தி,
ஈரத்துணியின் கீழே அழுக ஆரம்பித்திருந்தது.
வளைவில் பஸ் சாய, கூடை என்மேல் இடித்தது.
'நாறுதுல்லக்கா?' என்றாள்,
புடவைத் தலைப்பை அதன்மேல் இழுத்துவிட்டபடி.

'எது?' என்றேன்.